ரேடியேட்டர் கேனும் பன்னீர்ச் செம்பும்

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊரில் எனக்கு ஜஸ்டின் என்ற பெயர் கிடையாது. ரேடியேட்டர் சாமியார். சின்னப் பிள்ளைகளுக்கு ரேடியேட்டர் மாமா. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவன்கூட உறையின் மேல் ‘ரேடியேட்டர் ஜஸ்டின்’ என்று எழுதிக்கொண்டு வருகிறான். என் மகளைப் பெண் பார்க்க வந்த சின்னமனூர்க்காரர்கள், “பொண்ணோட அப்பா மெக்கானிக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. இந்தப் பெயரை எனக்கு வைத்தவர் அமிர்தராஜ் உபதேசியார். வைத்த இடம் கோயில். பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில், மைக்கில் வைத்தார்.

அவர் செத்து ஆறு மாதம் ஆகிறது. கல்லறையில் ‘இறைவனின் உண்மை ஊழியர்’ என்று சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். சலவைக்கல் எதையும் தாங்கும். அடக்கத்தன்று அவர் முகத்தில் பன்னீர் தெளித்தபோது நான் சிரித்துவிட்டேன். அதிலிருந்து அவர் மகன் என்னோடு பேசுவதில்லை. ஏன் சிரித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவையில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்த ஆட்களோடு உட்கார்ந்து டீ குடிக்க எனக்கு இஷ்டமில்லை. ராயப்பன்பட்டியிலிருந்து சைக்கிளில் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பூசை வைக்கச் சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் ராஜ்யம். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் காதில் மன்றாட்டுச் சொல்வது, கோயிலில் யார் முன்னால் உட்காரலாம், யார் தூணுக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று கண்ணாலேயே காட்டுவது, எல்லாம் அவர்தான். அவருக்கு முன்னால் அவர் அப்பா அதே வேலையில் இருந்தார். வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி, நெஞ்சில் பெரிய சிலுவை. நடந்து வந்தால் நாய்கூட ஒதுங்கும்.

பாவத்தை மோந்து பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை லாரி வந்துவிட்டது என்று ஒருவர் தோட்டத்தில் திராட்சை வெட்டினார். மறுநாள் வெட்டினால் பழம் அழுகிவிடும். ஓய்வு நாளை மீறினார் என்று திருவிழாவில் அவரைச் சப்பரம் தூக்க விடவில்லை. மூன்று வருஷம் விடவில்லை. அந்த மனிதர் மூன்றாம் வருஷம் தெருவில் நின்று, சப்பரம் போவதைப் பார்த்து அழுதார். உபதேசியார் அவரைத் தாண்டிப் போகும்போது பாட்டை இன்னும் சத்தமாகப் பாடினார்.

சின்ன வயதில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு சொல் விழுந்தால் கோயில் வாசல் சரளைக்கல்லில் முழங்கால் போட வேண்டும். நான் அந்தச் சரளையில் நின்றே ஐந்தாம் வகுப்போடு எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டேன், பள்ளிக்கூடத்தையும் சேர்த்து.

அவரிடம் ஒரு பன்னீர்ச் செம்பு இருந்தது. அப்பாவிடமிருந்து வந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறது, சாமியார் வர நேரமில்லை என்றால் உபதேசியாருக்கு ஆள் போகும். மஞ்சள் பையில் செம்போடு வருவார். அந்தப் பன்னீரைப் பிள்ளையின் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். வீடு முழுக்க மணக்கும். “அமிர்தராஜு கை பட்ட புள்ள வாசனையோட மோட்சத்துக்குப் போகும்” என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவரும் அதைக் கேட்காதவர் மாதிரிக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் என்னுடையது. விடியும் முன் கம்பத்தில் பதினாறு பேரை ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளாவில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவேன். எங்கள் ஊர் பாக்கியம் எட்டாம் மாத வயிற்றோடு அந்த ஜீப்பில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வெட்டிய திராட்சையைக் கண்டுபிடித்த உபதேசியார் கண்ணுக்கு இந்த வயிறு தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் ஏலச்செடிக்கு நடுவிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. கோழிக்குஞ்சு அளவு. சேலையில் சுற்றி, தாயையும் பிள்ளையையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். ஆறாவது வளைவில் பிள்ளை அழுகையை நிறுத்தியது. உதடு நீலமாகிவிட்டது.

“அண்ணே, வண்டிய நிறுத்துங்கண்ணே. ஞானஸ்நானம் இல்லாமப் போயிரும்ணே. தண்ணி ஊத்துங்கண்ணே!”

“நானா? ஏத்தா, நான் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பதினோரு வருசமாச்சு. நீயே ஊத்து.”

“நான் புள்ளையப் பிடிச்சிருக்கேன்ணே. சொல்லு மறந்துபோச்சு. ஊத்துங்க பாவி, ஊத்துங்க!”

ஜீப்பில் இருந்தது ரேடியேட்டருக்கு வைத்திருந்த கேன் மட்டும்தான். காலையில் மேலே மலை ஊற்றில் பிடித்த தண்ணீர். எடுத்தேன். “பேரு?” என்றேன். பாக்கியம் விழித்தது. துணைக்கு வந்த கிழவி பின்சீட்டிலிருந்து, “ஞானசெல்வின்னு வைய்யிடா!” என்று கத்தியது. ஊற்றினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். பதினோரு வருஷமாகச் சொல்லாத சொற்கள். ஒன்றுகூட விழவில்லை. அவை என் மூளையில் இல்லை, முழங்காலில் இருந்தன.

தண்ணீர் பட்டதும் பிள்ளை ஒரு வெட்டு வெட்டி வீறிட்டது. ஆண்டவர் செய்தாரா, மலைத் தண்ணீரின் குளிர் செய்ததா, எனக்குத் தெரியாது. நான் கியரைப் போட்டேன். அந்தப் பிள்ளை இப்போது தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறது. என்னைப் பார்த்தால், “சாமி, ஆசீர்வாதம்” என்று தலையை நீட்டுகிறது, கழுதை.

அன்று நான் குடிக்கவில்லை. குடிக்கிறவன்தான், மறைக்கவில்லை. ஆனால் மலையேறுகிற நாளில் தொடமாட்டேன். உபதேசியார் சாமியாரிடம் போய், ஜஸ்டின் போதையில் இருந்தான், சொற்களை உளறினான், அது ஞானஸ்நானமே இல்லை என்று சொன்னார். அந்தச் சாமியாரும் நம்பி, பிள்ளைக்குக் கோயிலில் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்த மைக்.

“அன்பான இறைமக்களே, ஞானஸ்நானம்ங்கிறது ஆண்டவர் திருச்சபைக்குக் குடுத்த அதிகாரம். அதை இனிமே ஜீப் டிரைவருகளே குடுத்துக்கிருவாகன்னா, அடுத்த வாரம் நம்ம சாமியார் வரவேண்டியதில்ல. ரேடியேட்டர் சாமியாரே வந்து பூசை வைப்பாக!”

கோயிலே சிரித்தது. பாக்கியமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் நேருக்கு நேர் பேசியதில்லை. வழியில் பார்த்தால் அவர் சிலுவையைத் தொடுவார், நான் காறித் துப்புவேன்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு புதுச் சாமியார் வந்தார். முப்பது வயது. ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டார இளவட்ட உபதேசியார்களுக்கெல்லாம் பயிற்சி என்று எங்கள் ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டார். ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான், அதனால் வாசலில் நின்றேன். எழுபத்தாறு வயது அமிர்தராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்று பெரியவர் செய்து காட்டுவார்” என்றார் சாமியார். உபதேசியார் மேடையில் ஒரு பொம்மையை மடியில் வைத்துக்கொண்டார். மஞ்சள் பையிலிருந்து செம்பை எடுத்தார். பொம்மையின் மண்டையில் ஊற்றினார். கூடம் மணத்தது.

சாமியார் மூக்கைச் சுளித்தார். “ஐயா, இது என்ன, பன்னீரா?”

“ஆமா சாமி. ஆண்டவர் காரியத்துக்குக் கெணத்துத் தண்ணியவா ஊத்துறது?”

“இன்னைக்கு மட்டும்தானே?”

“எப்பவும் இதான் சாமி. எங்கப்பா காலத்துலயிருந்து.”

சாமியார் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. அவர் பாவம், மெதுவாகத்தான் சொன்னார். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஆற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், கடல் தண்ணீர், எதுவானாலும் தண்ணீராக இருக்க வேண்டும். பூவிலிருந்து இறக்கின பன்னீர் சந்தேகம். செல்லாது என்று அடித்துச் சொல்ல முடியாது, செல்லும் என்றும் சொல்ல முடியாது.

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். “சாமி, ரேடியேட்டர் தண்ணி?”

“சும்மா தண்ணிதானே? செல்லும். அவசரத்துல யாரும் ஊத்தலாம், சொல்லு சரியா இருந்தாப் போதும்.”

கூடம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். மடியில் பொம்மையோடு, தோளில் பொன்னாடையோடு, அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பன்னீர் அவர் வேட்டியில் சொட்டியது. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அதைவிட நல்ல நாள் வாய்க்கவில்லை.

பத்து நாள் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பொன்னாடையும் இல்லை, சிலுவையும் இல்லை. சட்டைப் பித்தான் மாற்றிப் போட்டிருந்தார்.

“ஏலே ஜஸ்டினு, வண்டி வேணும்.”

“ரேடியேட்டருன்னு கூப்பிடுங்க. அப்பத்தான் எனக்குத் திரும்பத் தோணும்.”

அவர் அதைக் கவனிக்கவில்லை. “நான் பன்னீர் ஊத்துனதுல பொழச்சுக் கெடக்கிறவுக ஒம்போது பேரு. ஒவ்வொருத்தரையும் பார்த்துச் சொல்லணும். சாமியார்கிட்ட வந்து மறுபடி ஊத்திக்கிறட்டும்.”

“பொழைக்காதவுக?”

ஜீப்பின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் இரக்கப்பட்டுப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் ஒன்பது வாசலில் தலை குனிவதைப் பார்க்கத்தான் போனேன். ஒரு வாசலும் விடக்கூடாது என்று போனேன். எட்டுப் பேர் பக்கத்து ஊர்களில்தான் இருந்தார்கள். ஒருவன் கதவை முகத்தில் சாத்தினான். ஒருவன், “சாதிச் சான்றிதழ்ல எதாவது மாறுமா?” என்று கேட்டான். ஒன்பதாவது, கிருபாவதி. பிறந்து நான்காம் நாள் வலிப்பு வந்து, உபதேசியார் பன்னீர் ஊற்றிப் பிழைத்தது. கடமலைக்குண்டில் கட்டிக்கொடுத்து, சந்தைக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கிறது. கடைசியாக நாங்கள் போனது அங்கேதான்.

உபதேசியார் கடை பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். கிருபாவதி மாவுக் கரண்டியோடு கேட்டது. கேட்டு முடித்து ஒரே சிரிப்பு.

“அப்ப நான் நாப்பது வருசமா கிறிஸ்தவச்சியே இல்லையா? ஆத்தாடி! எங்க மாமியாகிட்டச் சொல்லிராதீக, குதிப்பாக. சரி, என் கல்யாணம் செல்லுமா, செல்லாதா? செல்லாதுன்னா இப்பவே சொல்லுங்க, இந்தாள இன்னைக்கே பஸ் ஏத்தி விட்டுர்றேன்.”

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த புருஷன், “நான் ரெடி” என்றான்.

“சிரிக்காதத்தா,” என்றார் உபதேசியார். “நான் தப்புப் பண்ணிட்டேன்.”

கிருபாவதி கரண்டியைக் கீழே வைத்தது. “உபதேசியாரே, எங்கம்மா சொல்லும். அன்னைக்கு மழையில ரெண்டு மைலு நடந்து வந்தீகளாம். புள்ள பொழைக்கிற மட்டும் எந்திரிக்காம உக்காந்திருந்தீகளாம். அது செல்லும்ல? சாமியார்கிட்ட வந்து தண்ணி ஊத்திக்கிறேன், எனக்கென்ன, ஒரு தடவ தல நனையும். இங்கன உக்காந்து ரெண்டு இட்லி சாப்பிடுங்க.”

அவர் சாப்பிடவில்லை. நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். அவர் மழையில் நடந்த கதை எனக்குப் புதிது, பிடிக்கவும் இல்லை. வெறுத்துக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி நல்லதாக ஒன்று கேட்பது, சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கண்டமனூர் நோக்கி வண்டி வந்துகொண்டிருக்க, அவராகவே பேச ஆரம்பித்தார்.

“செத்தது பதினோரு புள்ளைகலே. எல்லாத்துக்கும் பேரு வச்சது நான். ராத்திரி படுத்தா வரிசையா வந்து நிக்குது. எங்கள எங்கன அனுப்புனீகன்னு கேக்குது.”

“சாமியார்கிட்டக் கேட்டீகளா?”

“கேட்டேன். கடவுள் சடங்குக்குக் கட்டுப்பட்டவர் இல்ல, அந்தப் புள்ளைகள அவர் இரக்கத்துல விட்ருங்கன்னு சொல்றாக.”

“சரிதான சொல்லியிருக்காக? பச்சப் புள்ளைய வாசல்ல நிறுத்தி, தலைய மோந்து பார்த்துத்தான் ஆண்டவர் உள்ள விடுவாராக்கும்? அவர் என்ன, நீங்களா?”

நான் குத்தத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“அதான்லே. அம்பது வருசம் அவர் பேரச் சொல்லித்தான் நான் வாசல்ல நின்னேன். ஒருத்தனையும் சும்மா விட்டதில்ல. அந்தத் திராட்சக்காரன், நீ, எத்தன பேரு. அவர் என்ன மாதிரித்தான் இருப்பாருன்னே பழகிப்போச்சு. இப்ப இரக்கம்னா என் மண்டையில ஏறமாட்டேங்குது.”

பாவத்தைப் பற்றி நான் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், பாதி தூக்கத்தில். குடி, களவு, அடுத்தவன் பெண்டாட்டி, இதோடு முடிந்துபோகும். சாவியைக் கையில் கொடுத்தால் கதவைத் திறக்காமல் அதை வைத்து அடுத்தவன் மண்டையில் அடிக்கிற பாவத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. பேசுகிறவர்கள் எல்லாரும் சாவி வைத்திருப்பவர்கள்.

“இன்னொண்ணு,” என்றார். “நீ அந்தப் புள்ளைக்கு ஊத்துனது செல்லும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த டிராக்டர்க்காரன் என் தாயைத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

“பாக்கியம் வந்து சொன்னுச்சு. ஒரு சொல்லு விழாம நீ சொன்னேன்னு சொன்னுச்சு. போதை இல்லன்னும் சொன்னுச்சு. நான்தான் சாமியார்கிட்டப் பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“ஒரு குடிகாரப்பய கேன் தண்ணிய ஊத்தி அது செல்லும்னா, அப்புறம் நான் எதுக்குலே? எங்கப்பா எதுக்கு?”

நான் கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுத முடியாது. மலையாளத்திலும் சிலது சொன்னேன். இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். நடுரோடு, எழுபத்தாறு வயது, சட்டைப் பித்தான் மாற்றிப் போட்ட கிழவன். என் மகளுக்குத் தட்டிப்போன சம்பந்தத்தை நினைத்தேன். மைக்கை நினைத்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது, கொடுத்துப் பழகினால்தானே கேட்கத் தெரியும்?

வாய் ஓய்ந்தபிறகு மறுபடியும் வண்டியை எடுத்தேன். கண்டமனூர் தாண்டி ஒரு மைல் வந்திருப்போம். அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை. சட்டை நனைந்து ஒட்டியது.

“என்னய்யா செய்யுது?”

“நெஞ்சு.”

“இந்தா, ரோடு பிரியுற விலக்குல பெரியாஸ்பத்திரி இருக்கு. பத்து நிமிசம். பிடிச்சுக்கங்க.”

“நிறுத்துலே.”

“நிறுத்தவா? போயிச் சேந்துருவீக!”

“அதுக்குத்தான் நிறுத்துங்கிறேன்.” மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். “நான் பொறந்தப்ப நெறமாசம் இல்ல. பொழைக்கமாட்டேன்னு எங்கப்பாதான் ஊத்துனாரு. அந்தச் செம்புலதான்.”

ஒரு நொடி எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதன்பிறகு ஓடியது. ஊர் முழுக்க எவன் கிறிஸ்தவன், எவன் இல்லை என்று ஐம்பது வருஷம் பிரித்துக்கொடுத்த மனிதருக்குத் தான் கிறிஸ்தவனா என்று தெரியவில்லை. பத்து நாளுக்கு மேல் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு என் ஜீப்பில் ஊர் ஊராக வந்திருக்கிறார்.

“சாமியார்கிட்டச் சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?”

“வாய் வரலலே. அந்தக் கூடத்துல சிரிச்சாகல்ல, அந்தச் சிரிப்பு. மறுபடி அங்கன போயி நிக்க முடியல.” கண்ணை மூடித் திறந்தார். “கேன் இருக்கா?”

“இருக்கு.”

“இப்பல்லாம் பச்சையா ஒரு மருந்து ஊத்துறீகளே ரேடியேட்டருக்கு. அதா, தண்ணியா?”

“தண்ணிதான்யா. கிருபாவதி கடையில பிடிச்சது.”

ஓரமாக நிறுத்தினேன். புளியமர நிழல். அவர் தலையைச் சீட்டில் சாய்த்து, கையால் தலைமுடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். அந்த நிலையிலும் எனக்கு ஞானோபதேசம் நடத்தினார்.

“‘நீ முன்னாடி ஞானஸ்நானம் வாங்காம இருந்தா’ன்னு மொதல்ல சொல்லணும், அத விட்றாத. தண்ணி முடியில நிக்கக்கூடாது, தோல்ல ஓடணும். ஊத்தும்போதே சொல்லணும், ஊத்திட்டுச் சொல்லக்கூடாது. ஒரு சொல்லு விழுந்துச்சுன்னா மறுபடி முதல்லயிருந்து ஊத்து, கேன் பூரா காலியானாலும் சரி. என்ன முழிக்கிற? எறங்கி எடுத்துட்டு வாலே, ஜஸ்டினு.”